பதினாறாம் எண் கடைக்குள் போன சமையல்காரர்

மைக் என் கைக்கு வருமுன்பே இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்ட தலைவர் அவர்களே! முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் கவலைகளை மனத்திலும் சுமந்து வந்த தாய்மார்களே! தம்பி தங்கைகளே! அனைவருக்கும் வணக்கம்.

அயல்நாட்டுச் சட்டம் எவ்வளவு நுட்பமானது! ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நம் சமையல்கார அண்ணனின் வேலை அனுமதியில் இருப்பது பதினான்காம் எண் கடை மட்டும். முதலாளி பக்கத்திலிருந்த பதினாறாம் எண் கடையையும் வாடகைக்குப் பிடித்தார். நடுச்சுவரில் வழி திறந்தார். அடுப்பைப் பதினாறுக்கு மாற்றினார். அனுமதியைத் திருத்தித் தரும்படி விண்ணப்பித்து ஆறு மாதம் ஆகிறது. அதுவரை? அண்ணன் பதினான்கில் நின்று மாவு பிசைவார். பதினாறில் ஓர் உள்ளூர்க்காரர் அதைப் பொரித்தெடுப்பார். நல்லவேளை, வாசனைக்கு விசா கேட்கவில்லை! சிரியுங்கள், அதற்கு அனுமதி தேவையில்லை.

போன மாதம் ஒரு மதியம், பதினாறில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. உள்ளூர்க்காரர் உறைந்து நின்றார். அண்ணன் பாய்ந்தார், மூடியைப் போட்டு அமுக்கினார். கை வெந்தது. கடை பிழைத்தது.

வேலை அனுமதி அதிகாரி வந்தார். பாராட்டவா? கேமராப் பதிவைப் பார்க்க!

“பதினாறுல உனக்கு என்னய்யா வேலை?”

“தீ அங்கதானே சார் இருந்துச்சு!”

“எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினியா?”

“அதுவரைக்கும் அது காத்திருக்குமா சார்?”

காத்திருக்கத் தெரியாத தீயைத் தண்டிக்க விதி இல்லை. ஆகவே அண்ணனின் அனுமதி ரத்து; நாட்டை விட்டு வெளியேற உத்தரவு. மனைவியும் மகளும் வந்து சேர்ந்து இரண்டே மாதம். மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்த அதே வாரம்! என்ன நேர்மை! என்ன நேரந்தவறாமை!

நாளை காலை பத்து மணிக்கு மேல்முறையீட்டு விசாரணை. கேமராவில் அண்ணன் நுழைவது மட்டும்தான் விழுந்திருக்கிறது; தீயைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமாம். அன்று அங்கே சாப்பிட்ட நாற்பது பேரில் பாதிப் பேர் இந்த அரங்கில்தான் இருக்கிறீர்கள். யார் வருகிறீர்கள்?

பின்வரிசையில் என்ன சொல்கிறீர்கள்?

“விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கேன் வாத்தியாரே. பேரு அடிபட்டா வம்பாயிடும்.”

நியாயம்தான் தம்பி. ஆனால் அன்று நாம் எல்லோரும் வாசலை நோக்கி ஓடினோம். அவர் ஒருவர் மட்டும் உள்ளே ஓடினார். நம் விசா என்ன ஆகும் என்று யோசித்தா ஓடினோம்? அவர்தான் யோசித்தாரா?

முதலில் ஓடியவன் நான். என் குடியிருப்பு அட்டை அடுத்த மாதம் முடிகிறது. தலைவர் அவர்களே, சாட்சிப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதுங்கள். இரண்டாவது யார்? வாருங்கள் அம்மா, வாருங்கள். பின்வரிசைத் தம்பி, நீங்களுமா? மெதுவாக வாருங்கள்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு என் நன்றி. நாளை பத்து மணிக்கு வந்து நிற்பவர்களுக்கு என் வணக்கம்.