எங்கள் தீவு பிடிபட்ட நாளில் கொடுத்த லட்டு

"படுங்கோ! நிலத்திலை படுங்கோ!"

படுக்கிறேன். கோயில் தரை. கன்னத்தில் சீமெந்து. யாருடையதோ கால் என் முதுகில் கிடக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் டொப் என்று ஒரு சத்தம். ஷெல் குத்தும், குழாயை விட்டுப் புறப்படும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. எதுவும் இல்லாத அந்த நேரம்தான் கொடியது. பிறகு கூவிக்கொண்டு வருகிறது. விழுகிறது. ஜன்னல் கண்ணாடி கொட்டுகிறது. ஓடு கொட்டுகிறது. நான் சாகவில்லை. மறுபடி டொப்.

2006 ஓகஸ்ட். சனிக்கிழமை. மத்தியானம் கடந்துவிட்டது. எங்கள் தீவின் கத்தோலிக்கக் கோயில். ஊரில் மிச்சமிருந்த சனம் முழுக்க உள்ளே. வெள்ளைத் துணியைத் தடியில் கட்டிக் கூரையில் ஏற்றியிருக்கிறார்கள். ஷெல் அடித்தால் கோயிலுக்கு ஓடு. எங்களுக்குப் பாலர் வகுப்பில் சொல்லித் தந்த பாடம் அது. அந்தப் பாடம் அடிப்பவனுக்கும் தெரியும்.

நான் ஒஸ்லோக்காரி. நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் குடியிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. கோடை விடுமுறைக்கு அக்காவிடம் வந்தேன். ரெஜினா அக்கா. கணவனை இழந்தவள். பிள்ளைகள் இல்லை. வீடு, கிணறு, இரண்டு ஆடு. போர்நிறுத்தம் இருக்கிறது, பயமில்லை, வா என்று அவள்தான் கூப்பிட்டாள். என் கணவர் அன்ரனுக்கு லீவு கிடைக்கவில்லை. மகள் அனிற்றாவுக்குக் கடையில் கோடை வேலை. தனியாக வந்தேன்.

போர்நிறுத்தம் கடதாசியில் இருந்தது. தீவு அரசாங்க ஆமியின் கையில். எதிரே, தண்ணீருக்கு அப்பால், ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கத்தின் பகுதி. நடுவில் கிடந்த கடல்தான் எல்லை. அந்த எல்லையை யாரும் தாண்ட மாட்டார்கள் என்று ஊர் நினைத்திருந்தது. ஆமியும் அப்படித்தான் நினைத்திருந்தது போல.

வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் வள்ளங்கள் வந்தன. இயந்திரச் சத்தம் கரைக்குக் கிட்ட வந்து நின்றது. முழங்கால் தண்ணீரில் பொடியன்கள் இறங்கினார்கள். ஈரச் சப்பாத்து. மீசை முளைக்காத முகங்கள். எங்கள் ஒழுங்கையால் ஓடினார்கள்.

"வீட்டுக்குள்ளை போங்கோ! லைற்றை நூருங்கோ!"

அவ்வளவுதான் சொன்னார்கள். ஆமி முகாம் பக்கம் வெடி தொடங்கியது. விடிந்தபோது தீவு இயக்கத்தின் கையில் என்று ஒருவன் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனான். அக்கா ஆடுகளுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "இனி மற்றவன் அடிப்பான்" என்றாள்.

அடித்தான். தீவுக்கு மற்றப் பக்கம், ஆமி இருந்த நகரத்துக் கரையிலிருந்து அடித்தான். கோயிலுக்கு ஓடினோம். கோயில் மதிலுக்குப் பின்னால் இயக்கப் பொடியன் ஒருவன் ஷெல் அடிக்கிற மோட்டார்க் குழாயைப் பூட்டினான். எங்கள் சனம் கும்பிட்டுக் கேட்டது. "தம்பி, இஞ்சை வேண்டாம் ராசா! பிள்ளையள் இருக்குது!" அவன் அடித்தான். கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வந்த பதில் எங்களுக்கு வந்தது. இரண்டையும் என் கண்ணால் கண்டேன். இரண்டையும் எழுதுகிறேன்.

அந்த நேரம் அக்காவின் கைப்பேசி அடிக்கிறது. ஒஸ்லோவிலிருந்து அன்ரன். அவர் இருக்கும் இடத்தில் ஒரே இரைச்சல். சிரிப்பு. கைதட்டல். தொலைக்காட்சி போட்டிருக்கிறார்களோ என்று நினைத்தேன்.

"இஞ்சரும், எங்கை நிக்கிறீர்? ஊர்ச்சனம் எல்லாம் எங்கை?"

"எல்லாரும் கோயிலுக்குள்ளை இருக்கிறம்" என்றேன். அடுத்த சொல்லுக்கு முன் லைன் அறுந்தது.

அக்கா கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினாள். "பாவம், அன்ரன் பயந்துபோடுவான். ஒரு மிஸ்ட் கோல் குடுப்பம். உடனை எடுப்பான்."

இதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்தால் காசு கரைந்துவிடும். அதனால் ஒருதரம் அடிக்கவிட்டு நிறுத்துவார்கள். நாங்கள் திருப்பி எடுப்போம். கொண்டாட்டமோ செத்தவீடோ, எல்லாம் இந்த வழியால்தான் வரும். அக்காவின் மிஸ்ட் கோல் வந்தால் அன்ரன் குளியலறையிலிருந்தும் ஓடிவந்து எடுப்பார். அது அவளுக்குத் தெரியும்.

கோயிலுக்குள் சிக்னல் இல்லை. வாசலில் ஒரு கோடு கிடைக்கும். அக்கா வாசலுக்குப் போகிறாள். அமத்துகிறாள். நிறுத்துகிறாள். கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"உள்ளை வா அக்கா!"

"பொறடி. இப்ப எடுப்பான்."

டொப்.

"அக்கா!"

கூவிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடினேன். திறந்தபோது வாசல் இல்லை.

அக்காவைக் கோயில் வளவில்தான் குழி வெட்டித் தாட்டோம். பெட்டி இல்லை. அக்காவின் வீட்டு அலுமாரிக் கதவைக் கழற்றி, அதில் கிடத்தினோம். சாமியார் அந்த நேரம் தீவில் இல்லை. செபமாலை சொல்லத் தெரிந்த ஒருவர் சொன்னார். பாதியில் ஷெல் குத்தியது. குழியோரத்திலேயே படுத்தோம். எழும்பி மிச்சத்தைச் சொன்னோம்.

வந்த பொடியன்கள் சில நாளில் திரும்பிப் போய்விட்டார்கள். தீவு பழையபடி ஆமியிடம். வந்து போனதால் என்ன கிடைத்தது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் சனத்தோடு நகரத்துக்குப் போய் அங்கே அகப்பட்டுக் கிடந்தேன். வெளியே போகும் பாதை பூட்டு. பிறகு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரை ஏற்ற ஒரு கப்பல் வந்தது. சிவப்புக் கடவுச்சீட்டைக் காட்டினேன். ஏற்றினார்கள். கரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

ஒஸ்லோ. எல்லிங்ஸ்ருட். அதே லிஃப்ட், அதே சப்பாத்து அடுக்கு. அன்ரன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. சனம் பார்க்க வந்தது. ரொட்டி, புட்டு, குழம்பு எல்லாம் கொண்டு வந்தது. சோபாவில் இருந்து அரசியல் கதைத்தது. அந்தத் தரையிறக்கம் எவ்வளவு திறமான திட்டம் என்று ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். தேநீர்க் கோப்பையைத் தீவாக வைத்தார். பிஸ்கற் வள்ளமானது. பிஸ்கற்றைக் கோப்பைக்குக் கொண்டுபோய் முட்டினார். பிறகு அதைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். எழும்பிப் போய்க் குளியலறையில் சத்தி எடுத்தேன்.

நோர்வேக்காரருக்கும் கருத்து இருந்தது. சமாதானம் பேசவைத்த நாடல்லவா. செய்தியில் அரை நிமிடம் காட்டினார்களாம். இரண்டு தரப்பும் நிதானம் காக்க வேண்டும். பிறகு உதைபந்தாட்டம். வேலையிடத்தில் குறேத்தா, நல்ல மனிசி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "யார் தொடங்கியது?" எல்லாருக்கும் அந்த ஒரு கேள்விதான். எங்கள் அக்கா தொடங்கவில்லை என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

நடந்ததை எனக்குச் சொன்னது மகள். அனிற்றா இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பார்னெஹாகெ என்கிற பாலர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அந்தச் சனிக்கிழமைதான் விடுமுறைக்குப் பிறகு பள்ளி தொடங்கிய நாள். பெற்றோரும் மண்டபத்தில். அங்கே மத்தியானம் கழிந்தபோது இங்கே காலை.

"அம்மா, நான் சொன்னா நீங்கள் அப்பாவோடை கதைக்க மாட்டீங்கள்."

"சொல்லு."

"அண்டைக்கு ஸ்கூல்லை லட்டு குடுத்தவை. தீவைப் பிடிச்சாச்செண்டு. ரவி அங்கிள் குறொன்லாண்டிலை இனிப்புக் கடை திறக்க முந்திப் போய் நிண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். என்ரை பார்னெஹாகெப் பிள்ளையளுக்கும் குடுத்தவை. அதுகளுக்கு என்ன தெரியும், சாப்பிட்டுதுகள்."

"அப்பா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா உங்களுக்கு ஃபோன் எடுத்தவர். பிறகு மைக்கை வாங்கிச் சொன்னவர், என்ரை மனுசி அங்கைதான் நிக்கிறா, இப்பதான் கதைச்சனான், சனம் எல்லாம் கோயில்லை கூடி ஆண்டவருக்கு நன்றி சொல்லுது எண்டு. எல்லாரும் எழும்பிக் கைதட்டினவை."

நன்றி சொல்லுது.

அன்ரன் எங்கள் பக்கத்துத் தீவுக்காரர். கத்தோலிக்கர். அகதியாக இங்கே வருவதற்கு முன் கோயில் தரையில் கவிழ்ந்து படுத்தவர். கோயில் வாங்குப் பலகைக்குக் கீழே, பயத்தில் கத்திய தகப்பனின் வாயைப் பொத்தியவர். சனம் கோயிலுக்குள் என்றால் என்ன அர்த்தம் என்று தொட்டில் பிள்ளைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாமல் போனது. இங்கே கோயில் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கோட் சூட், பூசை முடியக் கோப்பி. அந்தக் கோயில்தான் அவர் மனதில் வந்தது. வெற்றி என்று கேட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும் போல.

அன்று அவர் வேலையால் வரும்வரை குசினியில் இருந்தேன். வந்தார். ஜாக்கெற்றைக் கழற்றவிடவில்லை.

"அக்கா மிஸ்ட் கோல் தந்தவ. கண்டனீங்களோ?"

"ஓம். கண்டனான்."

"ஏன் எடுக்கேல்லை?"

"மைக்கிலை நிண்டனான். சொல்லி முடிய எடுப்பமெண்டு... பிறகு எடுத்தனான். போகேல்லை."

"அவ வாசல்லை நிண்டவ. நீங்கள் எடுப்பீங்களெண்டு."

அவர் கதிரையில் இருக்கவில்லை. சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அருவருப்பு வந்தது. கோபம் என்றால் ஆறும்.

அக்காவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைத்தோம். அதற்கு முதல் நாள் ரவி அண்ணை வந்தார். ஒஸ்லோவில் எந்த மண்டபத்தில் மைக் இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்பவர். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"தங்கச்சி, பாராளுமன்றத்துக்கு முன்னாலை கூட்டம் வைக்கிறம். நீங்கள்தான் கதைக்கவேணும். கண்ணாலை கண்ட சாட்சி."

"கதைக்கிறன்."

"ஆமி கோயிலுக்கு ஷெல் அடிச்சது. அதைச் சொல்லுங்கோ. மதிலடியிலை பெடியள் நிண்டதெல்லாம் தேவையில்லை. வெள்ளைக்காரன் அதைப் பிடிச்சுக்கொள்ளுவான்."

"லட்டுக் கதையைச் சொல்லலாமோ?"

அவர் எழும்பினார். தேநீர் அப்படியே இருந்தது. படியில் இறங்கும்போது அன்ரனிடம், "ஆளுக்கு மூளை குழம்பிப்போச்சு, கவனமாப் பாரும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அன்ரன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக ஓம் அண்ணை என்பவர்.

பூசை முடிந்தால் குடும்பத்தில் ஒருவர் எழும்பி நன்றி சொல்வது வழக்கம். வந்தவர்களுக்கு நன்றி, பூக்கொடுத்தவர்களுக்கு நன்றி, பகல் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போங்கோ. நான் எழும்பினேன். மைக்கைப் பிடித்தேன். பார்த்தேன். முன்வரிசையில் லட்டுச் சாப்பிட்ட வாய்கள். எல்லாம் கறுப்பு உடுப்பு, குனிந்த தலை.

வந்ததற்கு நன்றி சொன்னேன். பிறகு வள்ளங்கள் வந்ததைச் சொன்னேன். மதிலடி மோட்டாரைச் சொன்னேன். கடலுக்கு அப்பாலிருந்து ஆமி வெள்ளைக்கொடியைப் பார்த்துக்கொண்டே அடித்ததைச் சொன்னேன். நாங்கள் கோயிலுக்குள் நன்றி சொல்லவில்லை, மூத்திரம் போய்க்கொண்டு படுத்திருந்தோம் என்றேன். கோயிலில் அந்தச் சொல்லைச் சொன்னேன் என்பதுதான் பிறகு பலருக்குப் பெரிய குறை. அக்கா வாசலில் ஏன் நின்றாள் என்பதையும் சொன்னேன்.

பின்னுக்கு ஒரு குரல். "இப்ப இதெல்லாம் கதைக்கிற நேரமோ?"

"வேறை எப்ப?" என்றார் அன்ரன். இருந்த இடத்திலிருந்து. அதற்குமேல் அவரால் முடியவில்லை. அவருக்காக நான் சொல்லக்கூடிய நல்ல சொல் இது ஒன்றுதான்.

பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். மிச்சப் பேர் இருந்து சாப்பிட்டார்கள். கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். பாராளுமன்றத்துக்கு முன்னால் கதைக்க வேறு ஒருத்தியைக் கண்டுபிடித்தார்கள். அவள் கோயிலைக் கண்டதே இல்லை. நன்றாக அழுதாளாம்.

இப்போது இழந்ததைச் சொல்கிறேன். இந்தக் கணக்கை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

ரெஜினா அக்கா. வாசலுக்குக் கிட்ட, உள்ளே, தகப்பனின் மடியில் இருந்த குழந்தை. அந்தத் தகப்பனின் இரண்டு கால்கள். எங்கள் ஒழுங்கையால் ஈரச் சப்பாத்தோடு ஓடிய பொடியன்கள், திரும்பி வள்ளம் ஏறாதவர்கள். அவர்களுக்கும் அக்கா, தங்கச்சி இருந்திருக்கும். முகாமில் செத்த ஆமிக்காரர், அவர்களின் பெயரும் எனக்குத் தெரியாது. கோயில் வாசல். அலுமாரியின் ஒரு கதவு. இரண்டு ஆடு, கட்டியிருந்த கட்டையிலேயே செத்துக் கிடந்தன. கிணறு, இப்போது ஆமி வேலிக்குள். ஊர். இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதன்மேல் எனக்கிருந்த மதிப்பு.

ஒஸ்லோவில்: குறொன்லாண்டுக் கடையில் அன்றைக்கு இருந்த லட்டு முழுவதும்.

அன்ரனின் கைப்பேசியில் ஒரு மிஸ்ட் கோல். அவர் அதை அழிக்கவில்லை. நானும் அழிக்கவிடவில்லை. அக்கா வாசலில் நிற்கிறாள்.