தோற்றவன் வரணும்

ராத்திரி பதினொன்றரை. குடோனைத் தாண்டினால் விளக்கே இல்லாத ரோடு... என் நண்பனின் சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறார். கிட்ட வாங்க, இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

ரோட்டோரத் தபால் பெட்டியில் ஒரு கார்டைப் போட்டார். அவருக்கும் தூரத்து ஊர்ப் பல் டாக்டர் ஒருவருக்கும் பல வருஷமாகத் தபாலிலேயே செஸ். முகம் பார்த்ததில்லை. டாக்டரின் கார்டில் எப்போதும் கிராம்புத் தைலம் மணக்கும். பந்தயம் ஒன்றே ஒன்று: தோற்றவன் ஜெயித்தவன் வீட்டுக்கு வரணும். இருவரும் விடாக்கண்டன், கொடாக்கண்டன்... எல்லா ஆட்டமும் டிரா.

இந்த முறையும் டாக்டர்தான் டிரா கேட்டிருந்தார். 'உடம்பு முடியவில்லை. ஒரு தடவையாவது உங்களைப் பார்த்திருக்கலாம்' என்றும் எழுதியிருந்தார். சரியென்று சித்தப்பா எழுதிய கார்டுதான் இப்போது போட்டது. பழக்க தோஷம்... அதே கார்டில் அடுத்த ஆட்டத்தையும் தொடங்கியிருந்தார். ராஜாவின் சிப்பாய், இரண்டு கட்டம்.

டாக்டரின் மகள் பதில் எழுதினாள். 'அப்பா தவறிவிட்டார். எடுக்கும் நேரத்தில் உங்கள் கார்டு வந்தது. அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பிவிட்டோம்.'

கூடப்பிறந்தவன் போனதுபோல் சித்தப்பா அழுதார். அன்று ராத்திரி... கூடத்தில் 'டொக்'. விளக்கைப் போட்டார். செஸ் பலகையில் கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம் வந்து, இவருடையதற்கு நேர் எதிரே நின்றது. கிராம்பு வாசனை.

"பூனையா இருக்கும், படுங்க" என்றாள் சித்தி.

"பூனை கட்டம் பாத்தா வைக்கும்?"

பலகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். காலையில் அது மேஜைமேல் இருந்தது. அப்போதுதான் பந்தயம் ஞாபகம் வந்தது. இவர் ஜெயித்தால் டாக்டர் இங்கே வருவார். தோற்றால் இவர் அங்கே போகணும்... எங்கே? டிரா ஒன்றுதான் வழி.

ராத்திரிக்கு ஒரு நகர்த்தலாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார். கடைசியில் இரண்டு பக்கமும் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிச்சம். காலி நாற்காலியைப் பார்த்துக் கெஞ்சினார்.

"டாக்டர்... டிரா வச்சுக்குவோம். எப்பவும் போல..."



மறுநாள் ஷிஃப்ட் முடிந்து அதே ரோடு. தபால் பெட்டியைத் தாண்டியதும் சைக்கிள் மிதிக்கக் கனத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்து, நேரே பலகையிடம் போனார்.

கறுப்பு ராஜா படுத்திருந்தது. தோற்கிற ஆட்டமே இல்லை அது... டாக்டர் வேண்டுமென்றே தோற்றிருக்கிறார்.

ஜன்னல் பக்கமிருந்து சித்தியின் குரல்.

"ஏங்க... கேரியர்ல கூட்டிட்டு வந்தவரை ஏன் வாசல்லயே நிக்க வச்சுட்டீங்க?"