பிரஸ் சூடாகும் இருபத்திரண்டு நிமிடங்கள்

அவைத்தலைவர் அவர்களே, தொழிலாளர் துறை அதிகாரிகளே, எங்கள் சலவைக்கூட உரிமையாளர் சங்க நிர்வாகிகளே, அழுது ஓய்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தொழிலாளத் தோழர்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

போய்விட்டாரே! நம் ஊதிய ஆய்வாளர் ஐயா போய்விட்டாரே! திங்கட்கிழமை காலை, தன் அலுவலகத்தில் வேலை செய்யாத லிஃப்டைத் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறியவர், கோப்புக்கட்டோடு படியிலேயே சரிந்தார். ‘நிமிஷக்காரர்’ என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் கேலி செய்த அந்த மனிதருக்கு, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

ஊதியமும் வேலை நேரமும் சரிபார்க்க அரசாங்க ஆய்வு வந்தால் முதலாளிகள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை, ஐயாவின் நினைவாக என்னைப் பேசச் சொன்னார்கள். “உன்ன மாதிரி மாட்டுனவன் யாருமில்லப்பா, நீயே பேசு” என்றார் எங்கள் சங்கச் செயலாளர். உண்மைதான். என்னைப் போல் மாட்டியவன் யார்? என்னைப் போல் மாட்டியும் திருந்தாதவன் யார்?

ஐயா முதன்முதலாக என் கூடத்துக்கு வந்தது ஒரு புதன்கிழமை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்து இருந்தது. “பரவாயில்லையே, உங்க ஆளுங்க நாளைக்கு, நாளன்னைக்கு எல்லாம் இன்னைக்கே வந்துட்டுப் போயிட்டாங்களா?” என்றார். அடுத்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டார். நான் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேனே! பதினோரு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அதில் இரவுக் காவலாளியும் ஒருவர். “காலைல எட்டுக்கு வந்து சாயங்காலம் அஞ்சுக்குப் போயிடுவேன் சார்.” ஐயா கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ ராத்திரி வாசல்ல நிக்கிறது யாருப்பா? உன் தம்பியா?”

சிரியுங்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பரிமாறவும் துணிந்த ஆள் நான்!

பன்னிரண்டாவது ஆளாக வந்தார், துணி தேய்க்கும் மெஷினில் பிரஸ் போடும் அக்கா. ஒன்பது வருடம் என்னிடம் வேலை பார்த்தவர். “ஏழரைக்கே வந்து சுவிட்சைப் போட்டாத்தான் சார் எட்டுக்குத் துணி வைக்க முடியும். அந்த நேரத்த யாரும் எழுதுறதில்ல” என்றார். பொய் சொல்லத் தெரியாத வாய். மறுநாள் காலை ஏழரைக்கு ஐயா வந்து பிரஸ் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றார். சூடாக இருபத்திரண்டு நிமிடம். “மெஷின் சூடாகுறது ஒரு வேலையா சார்?” என்று நான் மல்லுக்கு நின்றேன். “அந்த இருபத்திரண்டு நிமிஷம் இந்தம்மா எங்க இருந்தாங்க? உங்க கூடத்துலதானே? அவங்க வீட்டுலயா?” என்றார்.

முதலாளி நண்பர்களே, ஆய்வாளர் வந்தால் ஏன் நடுங்குகிறீர்கள்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? வந்த நேரத்தை வந்த நேரமென்று எழுதுங்கள். ஆட்களிடம் அவர் தனியாகப் பேசட்டும், கதவுக்குப் பின்னால் காதை வைக்காதீர்கள். தவறு இருந்தால் ஒப்புக்கொண்டு பாக்கியைக் கொடுங்கள். அதோடு போகும். உண்மை சொன்னவரின் வயிற்றில் மட்டும் அடிக்காதீர்கள். ஐயா இதைத் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார், நான் கேட்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு படுக்கை விரிப்பு கருகியதென்று சொல்லி அக்காவை வெளியே அனுப்பினேன். அந்த விரிப்பைக் கருக்கியது என் மைத்துனன். அக்கா ஆய்வாளரிடம் சொன்னதெல்லாம் பொய், வேலை போன கோபத்தில் சொன்னது என்று துறைக்குக் கடிதமும் எழுதினேன். வேலை போனது பிற்பாடுதானே என்று யாரும் கேட்காதபடி, வேலையை விட்டு அனுப்பிய தேதியை முன்னால் மாற்றிப் போட்டேன். வேலைக்கு எடுக்கக் கூடாதவர்கள் என்று சங்கம் கைக்குக் கை அனுப்பும் பட்டியலில் அக்காவைச் சேர்த்தேன். செயலாளர் இல்லையென்று தலையை ஆட்டுகிறார். ஆட்டி என்ன பயன்? அந்தப் பட்டியல் உங்கள் மேஜையிலும் இருக்கிறதே! நான்கு மாதமாக எந்தச் சலவைக்கூடத்திலும் அவருக்கு வேலையில்லை. மகளின் படிப்பை நிறுத்தி ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

போன சனிக்கிழமை ஐயா கடைசியாக வந்தார். “அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்புனது பத்தி வெள்ளிக்கிழமை விசாரணை. அதுக்குள்ள அந்தக் கடிதத்தத் திரும்ப வாங்கிக்குங்க.”

“யோசிக்கிறேன் சார்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தம்மா உங்க மேல இன்னமும் நம்பிக்கை வச்சிருக்காங்க. ‘எங்க முதலாளி மனசு மாறுவாரு சார்’னு சொல்றாங்க.”

நான் தேநீர் சொல்லி அனுப்பினேன். அவர் குடிக்காமல் போனார். நாளை வெள்ளிக்கிழமை. அக்காவுக்காகப் பேச இருந்த ஒரே சாட்சி மண்ணுக்குள் போய்விட்டார். அந்த இருக்கைக்கு வேறு ஆள் போடப்போவதில்லை என்று சற்று முன் அதிகாரி ஒருவர் என் காதில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருக்குமென்று நினைத்தார் போலும்.

ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இத்தகைய மேடையிலிருந்து இறங்குவார்கள். நான் எந்த முகத்தோடு சொல்வேன்? அந்தப் பணியைக் கெடுத்தவன் அல்லவா நான்? வரும்போது வாசலில் அக்காவைப் பார்த்தேன். “எனக்குன்னு ஒருத்தர் இருந்தாரு, அவரும் போயிட்டாரு. நீங்க இனிமே என்ன வேணா பேசிக்குங்க” என்றார்.

மணியடிக்காதீர்கள் தலைவரே, ஒரே நிமிடம். நாளை விசாரணையில் என் கடிதம் பொய் என்று நானே எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஐயா உயிரோடு வந்து கேட்டபோது செய்யாததை, அவர் செத்த பிறகு செய்கிறேன். அந்தப் பிள்ளையின் படிப்பை எதை எழுதித் திருப்பிக் கொடுப்பேன்?

அக்கா! கதவோரம் நின்றவர் எங்கே போகிறீர்கள்? கொஞ்சம் நில்லுங்கள்! நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. பொய் சொன்னவன் நான். காதில் விழுகிறதா அக்கா? ஐயோ, யாராவது ஓடிப்போய் அவரிடம் சொல்லுங்களேன்!