கேள்வியால் வருவது

— அப்ப செவுடியாப் பொறந்தவளுக்குச் சாமியே கெடையாதுங்களா, உபதேசியாரே?

— நான் அப்புடிச் சொல்லலீங்க, மாதம்மா. அதாவது, கேள்வியினாலதான் விசுவாசம் வரும். விசுவாசம் இல்லாதவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கலாமான்னு மிஷன் பாதிரி ஐயரு என்னயத்தான் கேப்பாரு. நான் பதில் சொல்லியாகணும்.

— அதத்தான நானும் சொல்றேன். எம் பொண்ணு கேக்காத கேள்விங்களா? விடிஞ்சா பொழுது சாயற மட்டும் அவ கை ஓயறதில்ல. மழ எங்கிருந்து வருதும்பா. செத்த ஆடு எங்க போச்சும்பா. அவ அப்பன் நாகனப் பொதச்ச அன்னிக்கி, மண்ணுக்குள்ள மூச்சு முட்டாதான்னு கேட்டுக் கேட்டே என்னயக் கொன்னுட்டா. சின்னபொண்ண விடக் கேள்வி கேக்கறவங்க இந்த மலையில யாருங்க இருக்கறாங்க?

— இருங்க, இருங்க. கேள்வின்னா என்னான்னு நெனச்சீங்க?

— கேக்கறதுதானுங்க. நமக்குத் தெரியாதத இன்னொருத்தருகிட்டக் கேக்கறது.

— அந்தக் கேள்வி இல்லீங்க இது. அதாவது, காதால கேக்கறது. ஒருத்தரு வசனத்தச் சொல்லணும், இன்னொருத்தரு காதுல அது விழணும். அதத்தான் கேள்வின்னு சொல்லியிருக்குது.

— காதாலயா?

— ஆமாங்க.

— ஜெபக்கூடத்துல நீங்க அதச் சொல்லறப்பெல்லாம், எம் மவளுக்குத்தான் மொத எடம்னு நெனச்சுச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தனே. இத்தினி வருசமா ஒருத்தரும் சொல்லலியே. ஒரு வார்த்தையில கதவச் சாத்திப்புட்டீங்களே, ஐயா.

— அழுவாதீங்க. அவ பாத்துருவா.

— அவ எங்க பாக்கறா. அந்தா, மேப்பாறையில குந்திக்கிட்டுப் பனியவே பாத்துட்டுக் கெடக்கறா. வத்தல்மலைப் பனி புடிச்சுதுன்னா அப்புடித்தான். கீழ ஒரு ஊரு இருக்குதுன்னு சொன்னாக்கூட நம்ப முடியாது பாருங்க. நாம மூணு பேருதான் ஒலகத்துல மிச்சம்னு தோணுது.

— வெலகட்டும், எறங்கலாம். ஐயரு உச்சிப்பொழுதுக்குத்தான் அடிவாரத்துக்கு வருவாரு. சீமையில சண்ட வந்ததுல இருந்து பெட்ரோல் கெடைக்கல. மோட்டாரு நின்னு போச்சு, மாட்டு வண்டிதான்.

— அதுக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லிருங்க. நான் கல்யாணத்துக்காகக் கேக்கல. இவள எவன் கட்டப் போறான். தருமபுரி ஆசுபத்திரியில எனக்கு நெஞ்சு கெட்டுப் போச்சுன்னுட்டாங்க. இந்த மலைய இன்னொரு தாட்டி ஏறுவனான்னே தெரியல. நான் போற எடத்துக்கு அவளும் வரணும், அவ்வளவுதான். அவ கைப்பேச்சு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்னு பிரிச்சுட்டாங்கன்னா, மோட்சத்துல குந்திக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?

— எனக்கும் அது வேதனையாத்தான் இருக்குது. ஆகையினாலதான் பொய் சொல்லப் பயமா இருக்குது. எங்க பயிற்சிப் பள்ளியில ரெண்டு வாத்தியாரு. ஒருத்தரு சொல்வாரு, மனுசன் பொறக்கறப்பவே கடவுளு தன் நெனப்ப உள்ள வெதைச்சுத்தான் அனுப்பறாரு, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லன்னு. இன்னொருத்தரு, வெதைச்சாரு சரி, ஆதாமு பண்ணுன பாவத்துல நெலமே கரம்பாப் போச்சே, சொல்லாம எவனுக்குத் தெரியும்பாரு.

— ரெண்டு பேருக்கும் அடிதடி வரலீங்களா?

— ராத்திரியானா ஒரே வட்டல்ல கல்லக்காய் உரிச்சுத் தின்னுக்கிட்டு இருப்பாங்க.

— நீங்க யாரு பக்கம்?

— அப்பல்லாம் மொத வாத்தியாரு பக்கம். இப்ப, ரெண்டாமத்தவரு சொன்னதுதான் சரின்னு படுது.

— இப்பன்னா, உங்க சம்சாரம் ரோசம்மா தவறிப் போனதுல இருந்தா?

— மாதம்மா, பேச்சு உங்க மவளப் பத்தி.

— சரிங்க, கேக்கல. ஒன்னு சொல்லுங்க. கன்னுக்குட்டி பொறந்து ஈரம் காயறதுக்குள்ள மடியத் தேடுது. அதுக்கு யாரு பிரசங்கம் பண்ணுனாங்க?

— அது பசிங்க. அதாவது, மடி இருக்குதுன்னு தெரிஞ்சு அது தேடல. வயிறு எரியுது, முட்டுது. செவுத்துலயும் முட்டும், நம்ம காலுலயும் முட்டும்.

— முட்டட்டுமே. மடின்னு ஒன்னு இல்லாமயே போனா அதுக்கு முட்டத் தோணுமா?

— இதெல்லாம் ஐயருகிட்டச் செல்லாதுங்க. அவ என்னா பண்ணுனா, அதச் சொல்லுங்க.

— களி திங்கறதுக்கு முந்தி ஒரு உருண்ட எடுத்துத் தனியா வெப்பா.

— நீங்க வெப்பீங்க. பாத்துப் பழகியிருப்பா.

— ஜெபக்கூடத்துல கண்ண மூடுவா, கை கூப்புவா.

— எல்லாரும் கூப்பறாங்க, அவளும் கூப்பறா. கொரங்கு கூடப் பண்ணும். கோவிச்சுக்காதீங்க, ஐயரு இதத்தான் சொல்வாரு.

— அப்பச் சரி. யாருகிட்டயும் சொல்லாத ஒன்னு சொல்றேன். இவ இடுப்பொசரம் இருந்தப்ப. வேதம், உபதேசியாரு, ஒன்னும் இந்த மலைக்கு வரல. சாமைக் கொல்லையில கதிரு முத்தி, கிளி வெரட்ட இவளப் பரண்மேல ஏத்தி வுட்டுட்டு நான் கெழங்கு நோண்டப் போயிட்டேன். திரும்பி வந்தா, இன்னிக்காட்டம் பனி. பரணு கண்ணுக்குத் தெரியல. கிட்டப் போயி அண்ணாந்து பாக்கறேன், புள்ள பேசிக்கிட்டு இருக்குது.

— பேசிக்கிட்டா?

— கையாலதான். அந்தாண்ட மூலையப் பாத்துக்கிட்டு. அங்க ஒன்னுமில்ல, பனிதான். கொஞ்சம் பேசுவா, நிறுத்துவா. நிறுத்திட்டுக் கம்முனு பாப்பா, நாம பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்போமே, அப்புடி. அப்பறம் சிரிச்சுக்கிட்டுத் தலையாட்டிட்டு மறுக்காவும் பேசுவா. காத்துக்கருப்பு அண்டிருச்சுன்னு பூசாரிகிட்டத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். வேப்பிலையால அடிச்சான். புள்ளைக்கு ஏன் அடிக்கறாங்கன்னே தெரியல. என்னயவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அத நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்காதுங்க.

— ஒண்டியா இருக்கற புள்ளைங்க அப்புடி வெளையாடும், மாதம்மா.

— நானும் அப்புடித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். அப்பறம் நீங்க வந்தீங்க. காளியன் கொல்ல மேட்டுல நின்னுக்கிட்டு, என்னென்னமோ சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்த வெளங்கல. கடைசியில கண்ண மூடுனீங்க. ஆளே இல்லாத பக்கம் பாத்துப் பேசுனீங்க, நிறுத்துனீங்க, காத்துக்கிட்டு இருந்தீங்க, மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. இவ எம் முந்தானையப் புடிச்சு இழுத்து இழுத்துக் காட்டறா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, புள்ளைக்குப் பேயில்லன்னு. அன்னிக்குத்தானுங்க நான் வேதத்துல சேரணும்னு நெனச்சேன்.

— எம் பிரசங்கத்தக் கேட்டு நீங்க வரலியா?

— உங்க பிரசங்கம் இன்னிக்கும் எனக்குப் பாதி வெளங்காதுங்க.

— இத ஏன் எங்கிட்டச் சொல்லல?

— நீங்க கேக்கலியே.

— இருந்தாலும், மாதம்மா, அவ யாருகிட்டப் பேசுனா? அது கடவுளுன்னு அவளுக்குத் தெரியுமா? பேரு தெரியுமா? ஐயரு மொதல்ல அதத்தான் கேப்பாரு.

— பொறந்த புள்ளைக்கு ஆத்தா பேரு தெரியுமாங்க?

— நான் முந்தி இருந்தாப்புல இருந்தா, இந்த நிமிசமே சரின்னு சொல்லிருப்பேன்.

— இப்ப மட்டும் என்னாங்க?

— ஒன்னுமில்ல. அவ எறங்கி வரா பாருங்க. வெளிச்சமும் வருது. ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்ணலாம். அவளயும் கிட்ட நிக்கச் சொல்லுங்க.

— வா பொண்ணு, இப்புடி நில்லு.

— எங்கள் பரம பிதாவே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின ஆண்டவரே, இந்த நல்ல வேளைக்காக உம்மைத் துதிக்கிறோம். உமது அடியாளாகிய மாதம்மாளையும் அவள் மகளையும் உமது பாதத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். நாங்கள் செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியப்படுத்தும், பிதாவே. ஆமென்.

— ஆமென்.

— போலாமுங்களா, மாதம்மா?

— இருங்க. இவ கண்ணே மூடல. உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னுருக்கா.

— கையால என்னமோ சொல்றாளே. என்னயத்தான் காட்டறா. என்னா கேக்கறா?

— ஒன்னுமில்லீங்க. பனி வெலகிருச்சு, எறங்கலாம் வாங்க.

— மாதம்மா, மறுக்கா மறுக்காக் கேக்கறா. நீங்க மறைக்கறீங்க.

— வேண்டாங்க. அவ வெகுளி. அவளுக்கு நல்லது நடக்கற நேரத்துல நீங்க மனசு சங்கடப்படக் கூடாது.

— ஐயருகிட்ட நான் என்னா சொல்லணுங்கறதே இதுலதான் இருக்குது. படமாட்டேன், சொல்லுங்க.

— ‘முந்தியெல்லாம் இவரு கண்ண மூடுனா எதிர்க்க ஒருத்தரு வந்து நிப்பாரே, இப்ப ஏன் ஒண்டியாப் பேசறாரு’ன்னு கேக்கறாளுங்க.