நாலாவது சத்துமாவு

அரூரிலிருந்து தருமபுரிக்குப் போகும் காலைப் பேருந்தில் தூங்கலாம் என்றுதான் கண்ணை மூடினேன். முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் புது சத்துமாவு பாக்கெட், காலடியில் தக்காளிக் கூடை. அவள் சொன்னதைக் கேட்டு விழித்துக்கொண்டேன்.

"பூச்சிமருந்து அடிக்கறவங்க பொருளை வூட்டுக்குள்ளயே விடறதில்லீங்கக்கா. அது என் கொள்கை."

மூத்தவள் கூடையைப் பார்த்தாள். "அப்ப இது?"

"இது சந்தைக்குங்க. முந்தாநாள்தான் மருந்தடிச்சோம். வூட்டுக்குன்னு மருந்தடிக்காம கிணத்தோரமா ரெண்டு சால் செடி தனியா வெச்சிருக்கோம்."

"எங்க காட்டுலயும் அப்படித்தான்" என்றாள் மூத்தவள், குரலைத் தாழ்த்தி.

"அதனாலதாங்க எந்தக் கம்பெனி மேலயும் நம்பிக்கை வரமாட்டேங்குது. இந்த மாவு நாலாவது கம்பெனி. பாக்கெட்டுல இருந்த நம்பருக்கு போன் போட்டே கேட்டுட்டேன், உங்க வூட்லயும் இதையேதான் சாப்பிடறீங்களான்னு."

"என்ன சொன்னாங்க?"

"சத்தியமா இதத்தான் சாப்பிடறோம்னாங்க."

"அப்புறமென்ன?"

இளையவள் தன்னையே நினைத்துச் சிரித்தாள். "எப்படிங்கக்கா நம்பறது? சந்தையில கேக்கறவங்ககிட்ட நானும் அப்படித்தானே சத்தியம் பண்றேன்."