பனிக்காது இல்லாத ஷீட்

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையும்தான்னு வச்சுக்கோயேன் அக்கா. நேத்து சாயங்காலம் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு ஜெராக்ஸுக்குக்கூட ஆள் வரல. ராணி வேற நல்ல சூட்டுல இருந்தா. சரி, நம்ம வேலையையாவது பார்ப்போமேன்னு உட்கார்ந்துட்டேன்.

— ராணி யாரு?

— லேமினேஷன் மெஷின். பேர் சொல்லிக் கூப்பிட்டா மக்கர் பண்றதில்ல.

— நிதானமா கேக்கறேன். நீயும் நிதானமா பதில் சொல்லு. பிஸ்கட் டப்பாவுல இருந்த நம்ம பபுள்கம் கார்டையெல்லாம் எடுத்து, அந்த மெஷினுக்குள்ள விட்டு...

— அதான் சொல்றேன்ல. விண்கோட்டை வீரர்கள் மொத்தப் பேரும். நெருப்புப் படை, பனிப் படை, அந்த ஒத்தைக்கண் மந்திரவாதியோட எடுபிடிங்க வரைக்கும். இங்க பாரேன், என்னா பளபளப்பு! தண்ணிய ஊத்தினாலும் வழிஞ்சு ஓடிடும். கரப்பான் வந்தாலும் வழுக்கி விழும்.

— கைய எடு. இது என் தீக்குருவிதானே?

— உன் தீக்குருவியேதான். டிவியில பார்த்ததைவிட ஜோரா இருக்கு.

— இது மேல மூச்சு படக்கூடாதுன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பார்ப்பேன்டி நான்.

— இனிமே தாராளமா மூச்சு விடலாமே!

— சிரிக்காத.

— கோவமாக்கா?

— கோவம் இல்ல. ரத்தம் எடுக்கற வேலையில கோவப்பட்டா ஆகாது. ஒரு கையில நரம்பு கிடைக்கலைன்னா இன்னொரு கையைக் காட்டச் சொல்லணும், அவ்வளவுதான். இதைப் பிரிக்க முடியுமா?

— பிரிக்கலாம். தீக்குருவியோட தோலும் சேர்ந்து உரிஞ்சு வரும்.

— ம்.

— ஒரு டீ சொல்லட்டுமா?

— வேண்டாம். சனிக்கிழமை நான் ஒருத்தரைப் பார்க்கப் போறேன். கார்டு மாத்திக்க.

— யாரை?

— பூதக்கண்ணாடிய.

— யாரு, உங்க சேகரிப்புக் கூட்டத்துக்கு வருவாரே, ஒரு கார்டோட நாலு மூலையையும் பார்த்து முடிக்கறதுக்குள்ள மத்தவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்துடுவாங்கன்னு சொல்லுவியே, அவரையா?

— அவரைத்தான். மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தாலே மூஞ்சிய சுளிப்பார். இந்த ஷீட்டைக் காட்டினேன்னா மயக்கம் போட்டு விழுந்துடுவார். கார்டு சேர்க்கறவங்களுக்கு, லேமினேட் பண்ணின கார்டு செத்த கார்டு.

— செத்ததா? இதுங்களுக்கு இனிமே சாவே கிடையாதுக்கா! நாம போனப்புறமும் இப்படியே இளிச்சுக்கிட்டு இருக்கும்.

— அது உன் கணக்கு. எங்க கூட்டத்துல கார்டைக் கையில எடுத்தா அட்டை தட்டுப்படணும். ஒரு மூலைய லேசா வளைச்சா திரும்ப நிமிரணும். அதுக்கு உயிர் இருக்கான்னு அப்படித்தான் பார்ப்போம்.

— நீ நாடி பிடிச்சுப் பார்க்கற ஆளு, உனக்கு அது பொருத்தம்தான். சரி, அவர்கிட்டேருந்து எதை வாங்கப் போற? உன் அனல்வாலனுக்கு வால் கிழிஞ்சு கிடக்கே, அதுக்கு வேறயா?

— அப்படின்னு வச்சுக்கோ.

— அதுக்காகவா இவ்வளவு தவிப்பு?

— தவிக்கல. போன வாரமே சொன்னேனா இல்லையா, ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள என் பாதிய எடுத்துக்கறேன், தனியா பிரிச்சு வையின்னு?

— சொன்ன.

— சொன்னதுக்கு அப்புறம்தான் உனக்கும் உன் ராணிக்கும் இந்த யோசனை வந்துதா?

— ஊர் மாறிப் போறியே, வழியில கார்டு கசங்கக் கூடாதேன்னுதான். சத்தியமா.

— சத்தியமெல்லாம் பண்ணாத. சின்ன வயசுலேருந்து நீ சத்தியம் பண்ணினாலே அதுல ஏதோ பொய் இருக்கும். ஆமா, இது என்னடி, ஒரு ஷீட்டுக்கு ஒன்பதா?

— ஒன்பதுதான் கச்சிதமா உட்காருது.

— என் தீக்குருவி. பக்கத்துல உன் உறைகொம்பன். அதுக்கு அடுத்து என் கனல்மூக்கன். மறுபடி உன் ஆளு. ஏன்டி கலந்து வச்ச?

— பின்பக்கம் நம்பர் போட்டிருக்கே, அந்த வரிசை. கம்பெனிக்காரன் அப்படித்தான் நம்பர் குடுத்திருக்கான், ஒரு நெருப்பு, ஒரு பனின்னு. அதுக்கு நான் என்ன பண்ண?

— நாம என்னைக்குடி நம்பர் பார்த்து வச்சோம்? டப்பாவுல மேல என் நெருப்புப் படை, கீழ உன் பனிப் படை. அடிச்சுக்கக் கூடாதுன்னு அம்மா நடுவுல புதுச் சட்டைக்குள்ள வர்ற அட்டைய வெட்டி வச்சுக் குடுத்தாங்க.

— அந்த அட்டை இத்துப் போச்சுக்கா.

— கத்தரிய எடு.

— எதுக்கு?

— வெட்டி என் ஆளுங்களை மட்டும் கூட்டிட்டுப் போறேன். செத்தாலும் என் படை.

— ஐயோ, அது முடியாது! நடுவுல இடமே விடாம ஒட்டி ஒட்டி வச்சிருக்கேன். சுத்தி ஓரம் இருந்தாத்தான் பசை பிடிச்சு நிக்கும். இதை வெட்டினா வாயைப் பிளந்துக்கும், ஈரம் ஏறி ஊதிப் போயிடும். நீங்க போற ஊரு வேற கடலோரம்.

— நல்லா யோசிச்சுத்தான் ஒட்டியிருக்க.

— தொழில் சுத்தம்க்கா.

— ஏம்மா, கடை திறந்திருக்கா?

— வாங்க ஐயா, உள்ள வாங்க. என்ன பண்ணணும்?

— இது எங்க பொண்ணு படிச்சு வாங்கின பட்டம். அசல். வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு அவளுக்கு, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. கசங்காம இருக்கணும். நல்ல தடிமனா ஒரு லேமினேஷன் போட்டுக் குடு.

— ஐயா, இதுக்குப் போடவே கூடாது.

— ஏம்மா, மெஷின் ரிப்பேரா?

— மெஷின் நல்லாத்தான் இருக்கு. இது அசல் ஆச்சே. ஒரு தடவை ஒட்டிட்டா ஒட்டினதுதான், அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. அங்க போய் நீட்டினா, முத்திரை வைக்க இடம் இல்ல, தடவிப் பார்க்க முடியல, இது செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. உள்ள பொருள் பத்திரமாத்தான் இருக்கும். மதிப்பு போயிடும்.

— மழையில கிழையில நனைஞ்சுட்டா?

— நனைஞ்சா காய வச்சுக்கலாம். லேமினேட் பண்ணிட்டா ஒண்ணுமே பண்ண முடியாது. ஒரு நகல் எடுத்து அதுக்குப் போட்டுத் தரேன். அசலை ஒரு உறையில போட்டு வச்சுக்கட்டும்.

— நல்லவேளை சொன்ன. வேற கடையா இருந்தா காசைப் பார்த்து ஒட்டித் தள்ளியிருப்பான்.

— இந்தக் கடையில அசலுக்குப் போட்டதே இல்ல ஐயா. அழுது கேட்டவங்களுக்குக்கூட மாட்டேன்னுதான் சொல்லியிருக்கேன். இந்தாங்க, சூடா இருக்கு, ஓரத்தைப் பிடிச்சுக்குங்க.

— இவங்க யாரு, உன் ஜாடையா இருக்காங்க?

— எங்க அக்கா.

— அப்படிச் சொல்லு. பக்கத்துலதான் இருக்காங்களா?

— இருந்தாங்க ஐயா. இனிமே தூரம்.

— எங்க வீட்டுலயும் அதே கதைதான் போ. வரேன்மா.

— பார்த்துப் போங்க, வாசல்ல படி உடைஞ்சிருக்கு.

— நல்ல மனுஷன்.

— ஆமாக்கா.

— நீயும் நல்லாத்தான் எடுத்துச் சொன்ன.

— அப்படிப் பார்க்காதக்கா.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— அதான் பயமா இருக்கு.

— அழுது கேட்டாலும் மாட்டேன்னியே.

— ம்.

— அசலுக்குப் போட்டதே இல்ல.

— ம்.

— பொருள் பத்திரமா இருக்கும், மதிப்பு போயிடும். ஏன்டி குண்டூசி, இப்போ நிதானமா சொல்லு. தெரியாம பண்ணினியா, தெரிஞ்சே பண்ணினியா?

— ராணி சூட்டுல இருந்தான்னு...

— ராணிய விடு.

— தெரிஞ்சேதான்.

— ஏன்?

— நீ ஏன் பாதி கேட்ட?

— என்னோடதை நான் கேக்கக் கூடாதா?

— கேக்கலாம். அம்மா வீட்டைக் காலி பண்ணினப்போ பீரோ உனக்கு, கட்டில் எனக்குன்னு பிரிச்சோம். தட்டு, டம்ளர், தலகாணி உறை வரைக்கும் பிரிச்சோம். நான் ஏதாவது வாயைத் திறந்தேனா?

— திறக்கல.

— அதுக்கப்புறம் நமக்குள்ள பெரிய சண்டை வந்துது. ஒரு வருஷத்துக்கு மேல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கல. அப்பக்கூட ஞாயித்துக்கிழமையானா நீ கடைக்கு வருவ. என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்ட. டப்பாவ எடுத்து, கார்டை ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு, மூடி வச்சுட்டுப் போவ. நான் துடைச்ச மெஷினையே துடைச்சுக்கிட்டு நிப்பேன்.

— தெரியும். ஒரே இடத்தைத் துடைச்சுக்கிட்டு இருப்ப.

— டப்பா இங்க இருந்ததாலதானே வந்த? உன் பாதி உன்கிட்டயே போயிட்டா அப்புறம் எதைப் பார்க்க வருவ?

— போன் பண்ணுவேன்டி.

— நீ ஊசி போடறதுக்கு முன்னால எல்லார்கிட்டயும் வலிக்காது வலிக்காதுன்னு சொல்லிப் பழகிட்ட. அந்தக் குரல்லதான் இப்பவும் சொல்ற.

— அதுக்காக இப்படிப் பண்ணுவாங்களா?

— பிரிக்கவே முடியாத மாதிரி எதையாவது பண்ணணும்னு இருந்துது. எனக்குத் தெரிஞ்ச தொழில் இதுதான்.

— மொத்தமா நீயே வச்சுக்கோன்னு நான் போயிட்டா?

— போக மாட்ட. தீக்குருவிய விட்டுட்டு உன்னால இருக்க முடியாது. இந்த ஷீட்டெல்லாம் பாதி வருஷம் உன்கிட்ட, பாதி வருஷம் என்கிட்ட. கொண்டுவந்து குடுக்க நீ வரணும், வாங்கிட்டு வர நான் போகணும். தபால்ல அனுப்பினா மடங்கிடும்.

— எல்லாம் திட்டம் போட்டாச்சு.

— ஈ ஓட்டற நேரத்துல வேற என்ன பண்றது? திட்டணும்னா திட்டிடு அக்கா. உன் ஆளுங்க செத்துட்டாங்கன்னு நீ சொன்னப்போ எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துது.

— திட்டறது இருக்கட்டும். இதுல கடைசி நம்பரெல்லாம் காணோமே. எரிமலையான் எங்க?

— அவன் கடைசி ஷீட்டு. தளபதிங்க எல்லாம் அதுலதானே.

— அது எங்க?

— உள்ள இருக்கு. இன்னும் பண்ணல.

— பண்ணலையா?

— கவருக்குள்ள வரிசையா வச்சுட்டேன். மெஷின்கிட்ட கொண்டுபோனேன், மனசு வரல.

— அங்க மட்டும் என்ன?

— என் தளபதி பனிக்காதோட இடம் காலியா இருக்குல்ல. ஓட்டையோட ஒட்டிட்டேன்னா அப்புறம் அது கிடைச்சாலும் உள்ள வைக்க முடியாதே.

— இத்தனை வருஷம் கழிச்சும் கிடைக்கும்னு நம்பறியா?

— நம்பாம? என் கடைவாய்ப் பல்லு ரெண்டு அதுக்காகத்தான் போச்சு. எவ்வளவு பபுள்கம்! எந்தப் பாக்கெட்டைப் பிரிச்சாலும் நெருப்பாவே வரும். அம்மா சட்டம் வேற, யார் வாங்கினாலும் படம் எந்தப் படையோ அந்தப் படைக்காரிக்குத்தான்னு. உன் எரிமலையானே என் பாக்கெட்டுலதான் வந்தான், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே குடுத்த.

— சட்டம்னா சட்டம். உனக்குத் தளபதி வந்துட்டான். என் படைதான் இன்னைக்கு வரைக்கும் தலையில்லாம நிக்குது.

— அந்தக் கவரை எடுத்துட்டு வா.

— எதுக்கு? நீயே ஒட்டப் போறியா?

— எடுத்துட்டு வாடி.

— இந்தா.

— நல்லவேளை. மூலை நாலும் அப்படியே இருக்கு. இவனை எடுத்துக்கறேன்.

— இவனை மட்டுமா? எங்க கொண்டு போற?

— சனிக்கிழமைக்கு. பூதக்கண்ணாடி கேட்டது இவனைத்தான்.

— எரிமலையானையா? அக்கா, உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா? தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குவியே! கல்யாணத்தன்னைக்கு மாமா பார்க்காதப்போ கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தியே, இவனைத்தானே! கிழிஞ்ச வாலுக்காகப் போய் இவனை யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?

— நிதானம், நிதானம்.

— என்ன நிதானம்? நான் பண்ணினதுக்குக் கோவப்பட்டு இவனைத் தொலைச்சுத் தலை முழுகறியா?

— கோவம் இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன். போன வாரமே பேசி முடிச்ச விஷயம் இது.

— அப்போ இந்த ஷீட்டை நான் என்ன பண்றது? ஒரு ஓட்டையையே பார்க்கச் சகிக்கல. இவனையும் உருவிட்டா ரெண்டு ஓட்டை ஆயிடும்.

— ஆகாது. ஒண்ணுதான் இருக்கும்.

— அது எப்படி? உன் எரிமலையான் ஒண்ணு, என் பனிக்காது ஒண்ணு. ரெண்டு.

— ஒண்ணுதான்டி. பனிக்காது சனிக்கிழமை வந்துடும்.