சீசனுக்கு முன்பே சொன்னேன்

எனக்குச் சர்க்கரை போட வேண்டாம், மேடம். வைத்தியர் யாரும் தடை சொல்லவில்லை. எந்த உடம்பில் எது முதலில் கெடும் என்று பார்ப்பதே தொழிலாகிவிட்டதால் என் உடம்பையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன்.

கூடைப்பந்து லீக் உங்களை விசாரிக்க அனுப்பியது சரிதான். ஆனால் என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய், பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி, இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: இந்த வருஷம் நாம் எத்தனையாவது இடம்?

அதற்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. சீசன் தொடங்குமுன் மற்ற கணிப்பாளர்கள் யார் எத்தனை கூடை போடுவார் என்று கூட்டிப் பார்ப்பார்கள். எல்லோரும் கடைசி ஆட்டம்வரை முழு உடம்போடு இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு செய்கிற கணக்கு அது. நான் காயங்களிலிருந்து தொடங்குவேன். யாருக்கு என்ன வயது, போன வருஷம் எங்கே சுளுக்கியது, அந்தச் சுளுக்குக்குப் பயந்து இப்போது எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார், எல்லாம் பார்த்துத்தான் சொல்வேன். ஒருவரின் தோள்பட்டையைச் சொன்னேன், நடந்தது. இன்னொருவரின் விரலைச் சொன்னேன், நடந்தது. அவையெல்லாம் தானாகவே வந்தவை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன சீசனில் எல்லோரும் எங்களைத்தான் சாம்பியன் என்றார்கள். காரணம் என் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். ரசிகர்கள் ஏணி என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டு வாசல்களில் குனிந்துதான் நுழைவார். அவரை இந்தக் கிளப்புக்குக் கொண்டுவந்தவனே நான்தான். தங்கைக்கு அவரைப் பார்த்துச் சொன்னதும் நான்தான்.

சீசனுக்கு முந்தைய விருந்தில், குடும்பங்களும் உட்கார்ந்திருக்கும்போது, கிளப் தலைவர் என்னைப் பேசச் சொன்னார். நான் எழுந்து ஆறாவது இடம் என்றேன். ஏன் என்றார் கோச். மாப்பிள்ளை பாதி சீசனுக்கு மேல் ஆடமாட்டார், இடது குதிகால் தாங்காது என்றேன்.

"யோவ், நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?" என்றார் கோச்.

"கரிநாக்கு!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மாப்பிள்ளை எழுந்தார். மைக் நின்ற கம்பியை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, இடது காலை இழுத்து இழுத்து மேடையைச் சுற்றி வந்தார். "ஐயா, வழி விடுங்க. மச்சான் சொல்லிட்டாரு, இனிமே நான் இப்படித்தான்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. என் தங்கைதான் அதிகம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இல்லாதவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

சீசன் தொடங்கியது. மாப்பிள்ளை வாழ்நாளில் ஆடாத ஆட்டம் ஆடினார். வெற்றி மேல் வெற்றி. ஒவ்வொன்றுக்குப் பிறகும் தங்கை போன் செய்வாள். "என்னண்ணா, உன் கணிப்பு எங்க போச்சு? குதிகால் நல்லா குதிக்குதே" என்பாள். அன்பாகத்தான் கேட்பாள். உடைமாற்றும் அறையில் நான் நுழைந்தால் இரண்டு மூன்று பேர் நொண்டிக் காட்டுவார்கள். அடுத்த வருஷம் கணிப்பை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுக்கலாமா என்று தலைவர் என் முன்னாலேயே கோச்சைக் கேட்டார்.

இங்கே என் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது ஆட்டக்காரர்கள் பனியனுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டியிருப்பார்கள். எவ்வளவு ஓடினார், எவ்வளவு குதித்தார், எந்தக் காலில் இறங்கினார் என்று அது பதிவு செய்யும். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் என் திரையில் பெயர் பச்சையாகத் தெரியும். தாண்டினால் சிவப்பு. கோச்சுக்கு எண்கள் பிடிக்காது. கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, நிறத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சிவப்பு என்றால் அந்த ஆளுக்கு ஓய்வு.

ஒரு நாள் காலைப் பயிற்சிக்கு முன் மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பக்கத்து அறை. அங்கே பேசினால் வெளியே கேட்காது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். குதிகாலுக்கு மேலே தசைநார் தடித்துச் சூடாக இருந்தது.

"எந்திரிச்சதும் நாலு அடி வைக்க முடியல மச்சான். சுவத்தைப் புடிச்சுக்கிட்டுதான் நடக்கறேன். அப்புறம் சரியாயிடுது. நீங்க சொன்னது அப்படியே..." என்று நிறுத்தினார். "கோச்சுகிட்ட சொல்லிடாதீங்க. உங்க தங்கச்சிகிட்டயும் வேணாம், பயந்துடுவா."

"சொல்லல மாப்பிள்ளை. உடம்பு சூடேறினா போயிடும்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கொடுத்த வாக்கை மீறுகிறவன் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவர் பெயர் சிவப்பாக வந்தது. நான் நிறத்தை மாற்றினேன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது, அது தவறு. நிறத்தில் நான் கை வைக்கவே இல்லை. அவருடைய எல்லையை மட்டும் உயர்த்தினேன். நிறம் தானாகப் பச்சையானது. அடுத்த முறையும் அப்படித்தான். மற்ற நெட்டைக்காரர்கள் ஓய்வெடுத்த நாட்களில்கூட மாப்பிள்ளை ஆடினார். "இரும்புய்யா அவன்" என்று கோச் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பாதி சீசன் நெருங்கும்போது, எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பந்துக்காக எழும்பினார், இறங்கினார். பக்கத்தில் யாரும் இல்லை. சட்டென்று திரும்பி, "யாருடா உதைச்சது?" என்று கேட்டார். அந்தத் தசைநார் அறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல்தான் இருக்குமாம். பின்னால் வெறும் தரைதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விழுந்தார்.

தங்கை குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுப் படிகளில் ஓடி இறங்கினாள். கோச் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. பிறகு யாரும் என் முன்னால் நொண்டவில்லை. அணி ஆறாவதாக வந்தது. தலைவர் பத்திரிகைக்காரர்களை அழைத்து, எனக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

இத்தோடு நின்றிருக்கும். ஆனால் அடுத்த சீசனுக்கும் கணிப்பு கேட்டார்கள். அறுவைசிகிச்சை நன்றாக முடிந்தது, மறுபடி ஆடுவார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என்னிடம் கேட்டபோது, இனி ஆடமாட்டார் என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் அவருக்குப் பதில் வேறொருவரைத் தேடத் தொடங்கிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வேகமாகத் தேறினார். மருத்துவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

"நீ பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்ணா" என்றாள் தங்கை. சாயங்காலங்களில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிசியோ சொல்லியிருந்தது, இரண்டு காலிலும் நின்று குதிகாலை மெல்லத் தூக்குவது மட்டும். நான் ஒற்றைக் காலில் செய்ய வைத்தேன். பிறகு படியின் விளிம்பில். பிறகு படியிலிருந்து குதிக்க.

"வலிக்குது மச்சான். பிசியோ இதெல்லாம் சொல்லலியே."

"அவங்க எல்லாருக்கும் ஒண்ணையேதான் சொல்லுவாங்க. நீங்க எல்லாரையும் மாதிரியா?"

அவர் முகம் மலர்ந்தது. மறுபடி ஏறினார். தங்கை சமையலறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணினாள். குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டவும் வைத்தாள். "இன்னொண்ணு... அப்பாவுக்குச் சொல்லு, இன்னொண்ணு..." கடைசி எண்ணை அவள் முடிக்கவில்லை. சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குழந்தை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது அறுவைசிகிச்சையில் புண் சீழ் பிடித்தது. இப்போது ஊன்றுகோல். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"நான்தான்ணா. இன்னொண்ணு இன்னொண்ணுன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன். போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"விடும்மா. தெரிஞ்சா செஞ்சே?" என்றேன்.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை. நான் அவளை ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. அந்தச் சுமையை இறக்கிவைக்க என்னால் முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் அவளாக எடுத்துக்கொண்டது அது.

பிறகு பிசியோ என்ன பயிற்சி செய்தீர்கள் என்று மாப்பிள்ளையைத் துருவிக் கேட்டார். அவர் வெள்ளந்தியாக எல்லாம் சொன்னார். அங்கிருந்துதான் நீங்கள் என் கம்ப்யூட்டர்வரை வந்தீர்கள்.

ஆமாம், இரண்டு முறையும் நான்தான் செய்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். அதற்குப் பொறாமை, பகை என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். மாப்பிள்ளை மேல் எனக்குப் பாசம் உண்டு. அவர் விழுந்தபோது முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதே நான்தான். எப்படியும் நடக்கவிருந்தது நடந்தது. நான் அதற்குக் கொஞ்சம் துணை நின்றேன். நீங்கள் தலையசைக்கவில்லை. பரவாயில்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதிக்கொள்ள வேண்டாம், இது குடும்ப விஷயம். குழந்தை இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறது. இடது காலை ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பிஞ்சு நடை என்று எல்லோரும் ரசிக்கிறார்கள். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இப்போதே மருத்துவரிடம் காட்டினால் சுலபமாகச் சரியாகிவிடும். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவார்கள், அப்புறம் நான் கண்டுபிடித்தது சரிதானா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.